மேலதிகாரிக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்கள்

1

நாங்கள் இருக்கும் கட்டடத்தில் பதினோராம் மாடியில் எட்டுக் குடும்பங்கள். டொரொண்டோவுக்கு வந்து ஆறு வருஷமாகிறது, அதில் ஒருத்தியுடைய பெயர்தான் எனக்குத் தெரியும். சான்ட்ரா, எங்கள் எதிர்க் கதவு, கயானாக்காரி. அந்தப் பெயரையும் அவள் சொல்லி நான் அறியவில்லை. அவளுடைய புருஷன் கத்தியதில் அறிந்துகொண்டேன்.

போன வருஷம் பனி தொடங்கிய மாசத்தில் ஒரு சனிக்கிழமை. அசர் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து கதவைத் தட்டினாள். கையில் கோப்பு. இந்த நாட்டில் கோப்போடு வரும் யாரைக் கண்டாலும் எனக்கு ஈரற்குலை நடுங்கும். பதினாலு வயது மகள் ஷிபானாவை முன்னுக்கு விட்டுவிட்டு நான் பின்னால் நின்றேன். இங்கே என் வாய் அவள்தான்.

வந்தவள் பொலிஸ் இல்லையாம். பொலிஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததா என்று பார்க்கும் ஆபீஸாம். சான்ட்ரா இரண்டு தரம் பொலிஸைக் கூப்பிட்டிருக்கிறாள். இரண்டு தரமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அதைப் பற்றி அவள் முறையிட்டிருக்கிறாள். அதனால் அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார்கள்.

“பொலிஸ் செஞ்சத பொலிஸில இல்லாத ஆள் வந்து விசாரிக்கிறதா?” என்று மகளிடம் கேட்டேன்.

“ஓம் வாப்பா. அதுதான் அவங்கட வேல. எத்தின தரம் சொல்ற?”

நான் கண்டதைச் சொன்னேன். வந்த இரண்டு பொலிஸ்காரர்களும் எங்கள் மாடி நடைபாதையில் நின்று புருஷனோடுதான் கதைத்தார்கள். ஹொக்கி ஆட்டத்தைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பத்து நிமிஷத்தில் போய்விட்டார்கள். அவள் எல்லாவற்றையும் எழுதினாள். ஏன் சிரித்தார்கள் என்பதைக்கூட எழுதினாள். பிறகு தாளைப் பார்த்து வரிசையாகக் கேட்டாள். வீட்டில் ஆயுதம் ஏதும் உண்டா என்று அவர்கள் கேட்டார்களா? அந்தப் பெண்ணைத் தனியாக, புருஷன் காதில் விழாத இடத்தில் வைத்துக் கதைத்தார்களா? அவளுக்காக வேறு யாரும் பதில் சொன்னார்களா?

குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

“இல்லையெண்டு சொல்லு மகள். தனியாக் கேக்கல்ல. நான்தான் கதச்ச.”

ஷிபானா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “நீங்களா? சான்ட்ராவுக்கு நீங்க ஏன் வாப்பா கதச்ச?”

2

நான் சொன்னது சான்ட்ராவைப் பற்றியல்ல. என் தங்கை ஜெஸீமாவைப் பற்றி.

எங்கள் ஊர் கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீடு பெண்ணுடையது. ஜெஸீமாவின் வீட்டுக்கு வாப்பா அத்திவாரம் போட்டுவிட்டு மௌத்தாகிவிட்டார். சுவரும் கூரையும் என் பொறுப்பாயின. அந்த வீட்டுக்குச் சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர் றஹீம். ட்ராக்டர் ஓட்டுகிறவர். முதல் மூன்று வருஷமும் அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. எத்தனையோ நடந்த பிறகும் அவரை ‘அவன்’ என்று எழுத எனக்குக் கை வருவதில்லை. வளர்ப்பு அப்படி.

தொண்ணூறுகளின் தொடக்கம் எங்கள் ஊர்களுக்கு எப்படி விடிந்தது என்பதை ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பள்ளியில் தொழுதவர்களையும் வயலில் நின்றவர்களையும் இயக்கக்காரர்கள் வந்து கொன்ற காலம். பொலிஸ் எங்கள் பொடியன்மாருக்குத் துவக்குக் கொடுத்து ஊர்காவல் படையில் சேர்த்தது. றஹீமும் சேர்ந்தார். வயல் பக்கத்துக் காவலரணில், நாங்கள் சென்றி என்போம், அவருக்குக் கடமை. அவர்கள் விழித்திருந்ததால்தான் நாங்கள் கண்மூடினோம், அதை நான் மறுக்கமாட்டேன். பள்ளியில் ஜும்ஆவுக்குப் பிறகு அவர்களுக்காகத் துஆ கேட்டோம்.

அந்தத் துவக்குத்தான் ஜெஸீமாவின் வீட்டுக்குள்ளும் வந்தது. ஒருநாள் உம்மாவின் வீட்டில் வைத்து அவள் என்னிடம் சட்டைக் கையை உயர்த்திக் காட்டினாள். முழங்கைக்கு மேலே கறுத்துக் கிடந்தது.

“துவக்கால அடிச்சாரா?” என்று கேட்டேன்.

“இல்ல காக்கா. அத எடுத்து மேசையில வெச்சிட்டுத்தான் அடிக்கிறார். அது மேசையில கிடந்தா எனக்குச் சத்தம் வராது.”

நான் அப்போது அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். சிங்களம் தெரியும். பொலிஸில் சார்ஜன்ட்டைத் தெரியும். அந்தத் தெரிஞ்ச ஆள் என்ற எண்ணம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். சார்ஜன்ட் அவளுக்குக் கதிரை போடச் சொன்னார். என் பிள்ளைகளைச் சுகம் விசாரித்தார். எங்கள் ஊர்களில் ஒரு பெண் கந்தோருக்கோ பொலிஸுக்கோ போனால் கூடப் போகிற ஆண்தான் கதைப்பான். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் இருந்தாள்.

றஹீமைக் கூட்டிவர ஆள் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. அவர் பொலிஸ் வளவுக்குள்ளேயே மாமரத்துக்குக் கீழே துவக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். வந்து என் பக்கத்தில் நின்று கைலாகு தந்தார்.

சார்ஜன்ட் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு சிங்களத்தில் என்னிடம் கேட்டார்: “உயிருக்கு ஆபத்து ஏதும் இருக்கா? இருந்தாச் சொல்லுங்க, துவக்க வாங்கி வைக்கிறேன். ஆனா அந்தச் சென்றியில ஒரு ஆள் குறையும்.”

நியாயமான கேள்வி. யாரிடம் கேட்டார் என்பதுதான் பிழை. அவளிடம் கேட்டிருக்க வேண்டும். நான் சொன்னேன்: “அப்படி ஒன்றுமில்லை சேர். குடும்பத்துக்குள்ள வாற சின்னப் பிரச்சினை.”

புத்தகத்தில் எழுதினார்கள். இரு தரப்புக்கும் புத்திமதி கூறப்பட்டது, சமாதானமாகச் சென்றனர். ஜெஸீமா கையெழுத்து வைத்தாள். சாட்சிக்கு நான் வைத்தேன். திரும்பி வரும்போது கேட்டாள்.

“காக்கா, துவக்கப் பத்தியும் சொன்னீங்கதானே?”

“சொன்னன்,” என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு நானே நிறையக் காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மானம், ஊர்வாய், பிள்ளைகள். எல்லாம் அரை உண்மை. முழு உண்மை இதுதான்: அந்தச் சென்றிக்குப் பின்னால் மூன்றாவது வீடு என் மனைவியின் வீடு. ஷிபானா அங்கேதான் தவழ்ந்துகொண்டிருந்த தம்பியைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். என் பிள்ளைகள் தூங்குவதற்காக என் தங்கையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

3

அடுத்த வருஷம் நாங்கள் புறப்பட்டுவிட்டோம். எப்படி வந்தோம், எங்கெங்கே நின்றோம் என்ற கதையை இங்கு வந்த எல்லோரும் எழுதிவிட்டார்கள், என்னுடையதும் அதேதான். இப்போது ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் தட்டு அடுக்குகிறேன். பெரியவள் ஷிபானா நான் தமிழில் கேட்டால் ஆங்கிலம் கலந்து பதில் சொல்லுவாள். சின்னவன் பதிலே சொல்லமாட்டான். அவனுக்கு ஊர் என்றால் ஒரு படம், அதில் எல்லோரும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

ஜெஸீமாவின் கடிதம் மூன்று நாலு மாசத்துக்கு ஒன்று வரும். ஒருமுறை எழுதியிருந்தாள், தான் தனியாகவே பொலிஸுக்குப் போனதாக. ‘ஆம்பிளை ஆரும் வரல்லையா, காக்காவக் கூட்டிக்கிட்டு வாங்க’ என்று அனுப்பிவிட்டார்களாம். காக்கா கனடாவில் என்று சொல்லவும் வெட்கமாக இருந்ததாம். பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்காயர் ஒருவரிடம் போய்ச் சொன்னதற்கு, ‘ஊரக் காக்கிற புள்ள, கொஞ்சம் கோவம் இரிக்கும், நீதான் அனுசரிச்சுப் போகணும்’ என்றாராம். மற்றபடி எல்லோரும் சுகம் என்று முடித்திருந்தாள். நான் பதில் எழுதினேன். சபூர் செய், பொறுமையாக இரு, துஆச் செய் என்று எழுதினேன். வேறு என்ன எழுத என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

4

கோப்போடு வந்தவள் போன பிறகு ஷிபானா என்னை விடவில்லை. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சார்ஜன்ட் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். சென்றிக்குப் பின்னால் இருந்த வீட்டை மட்டும் சொல்லவில்லை.

“அந்த ஆன்ட்டிட பேர் என்ன?” என்று கேட்டாள். இவள் கைக்குழந்தையாக இருந்தபோது இரவும் பகலும் தூக்கித் திரிந்தவளின் பெயர். பிழை பிள்ளையுடையதல்ல, ஊரில் இவளுக்கு அவள் வெறும் ‘மாமி’தான். நான் அந்தப் பெயரை வீட்டில் எடுக்காமல் இருந்துவிட்டேன்.

“சரி. அங்க பொலிஸ ஆரு செக் பண்ணுற?”

“மேல பெரிய ஆக்கள் இரிக்காங்க மகள்.”

“அப்ப அவங்களுக்கு எழுதுவோம்.”

அவளுக்கு இது மிக எளிதாகத் தெரிந்தது. அவள் சொன்ன விதத்தில் எனக்கும் எளிதாகத் தெரிந்தது. அடுத்த மூன்று சனிக்கிழமையும் நூலகத்துக் கம்பியூட்டரில் இருந்தோம். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் அடித்தாள். அந்த வெள்ளைக்காரி கேட்ட கேள்விகளை அவள் ஒன்று விடாமல் ஞாபகம் வைத்திருந்தாள். முறையிட்ட பெண்ணைத் தனியாக வைத்துக் கதைத்தார்களா? வீட்டில் உள்ள துவக்கைப் பற்றி அவளிடமே கேட்டார்களா? முறையிடப்பட்டவர் அதே பொலிஸில் கடமை செய்கிறவர் என்பதால் வேறு இடத்து அதிகாரியிடம் விசாரணையைக் கொடுத்தார்களா? எழுதி முடித்து வாசித்துக் காட்டினாள். இவ்வளவு நேர்த்தியாக யாரும் எங்கள் வீட்டுப் பெண்ணுக்காகக் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, “குட் ஜொப் வாப்பா” என்றாள். இந்த நாட்டில் என் மகள் என்னை மெச்சியது அந்த ஒரு நாள்தான்.

கொழும்பில் இருக்கும் மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

5

இனி என் மடத்தனத்தைச் சொல்கிறேன்.

நான் பதினொரு வருஷம் கந்தோரில் இருந்தவன். என் மேசைக்கு வந்த பெட்டிசங்களுக்குக் கணக்கில்லை. ஒரு அதிகாரியின் மேல் ஒருவர் பெட்டிசம் போட்டால் நாங்கள் என்ன செய்வோம்? மேலிருந்து ஒரு குறிப்பு வரும், அதை அடுத்த படிக்கு இறக்குவோம், அவர் அதற்கடுத்த படிக்கு இறக்குவார். கடைசியில் அது யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவருடைய மேசைக்கே போய்ச் சேரும், ‘அறிக்கைக்காக’ என்று மேலே எழுதி. அந்த ஒரு சொல்லை என் கையாலேயே எத்தனை கடிதங்களில் எழுதியிருப்பேன். அறிக்கை வரும், கோப்பை மூடுவோம். பெட்டிசம் போட்டவனுக்குப் பிறகு என்ன நடந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அது என் வேலையில்லை.

எந்தக் கதவால் போனாலும் எங்கே போய் முடியும் என்று தெரிந்தவன் நான். ஊரில் கடலை விற்கிற பொம்பிளைக்கும் இது தெரியும். சான்ட்ராவுக்காக வந்தவளின் தாளைக் கண்டு மயங்கிப்போனேன். ஆறு வருஷக் குளிர் என் புத்தியையும் உறைய வைத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அல்லது மகளுக்கு முன்னால் ஒருதரமாவது நல்ல ஆளாக நிற்க வேண்டும் என்ற ஆசை. இரண்டாவதுதான் சரி.

நாலு மாசம் கழித்து ஜெஸீமாவின் கடிதம் வந்தது. என் கடிதம் கொழும்பிலிருந்து அம்பாறைக்கு வந்து, அங்கிருந்து எங்கள் பொலிஸுக்கு வந்திருக்கிறது. விசாரணைக்கு வரச்சொல்லி அவளுக்கு ஒரு துண்டு எழுதியிருக்கிறார்கள். அந்த வீதிப் பக்கம் போக வேண்டிய ஊர்காவல் படைக்காரன் அன்றைக்கு யார் என்று பார்த்து அவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் றஹீம்.

அவள் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்:

“காக்கா, இவர் கடுதாசிய மேசையில வெச்சிட்டுச் சோறு தின்டார். கைய கழுவிட்டு, ஒங்கட காக்கா பெட்டிசம் போட்டிரிக்காராம், வெளிக்கிடுங்க எண்டார். இவரோடதான் போனன். புதுசா வந்த இன்ஸ்பெக்டர் ஒங்கட கடிதத்த ஒவ்வொரு கேள்வியா வாசிச்சி இவருக்கு முன்னால என்னட்டக் கேட்டார். ஓம், ஓம், ஓம் எண்டு சொன்னன். எல்லாத்துக்கும் ஓமெண்டு எழுதி என்னட்டக் கையெழுத்து வாங்கினாங்க. இவர் அடிக்கல்ல காக்கா. பயப்படாதீங்க. உம்மாட வளவுக்கும் எங்கட வளவுக்கும் இடையில இருந்த கடப்ப முள்ளுக்கம்பியால அடச்சிட்டார். உம்மா வேலிக்கு அங்கால நிண்டு கூப்பிடுறா. எனக்கு ரோட்டால சுத்தியும் போக ஏலாது. நீங்க எழுதினது பொய்யெண்டு திரும்ப ஒரு கடிதம் அதே பெரியவருக்கு எழுதினாத்தான் கடப்பத் திறப்பாராம். இன்ஸ்பெக்டரும் அதான் நல்லதெண்டார். உம்மாக்கு நெஞ்சுவலி கூடிட்டு. கெதியா எழுதுங்க காக்கா.”

வேலியில் விட்டிருக்கும் அந்தக் கடப்பு என்றால் என்ன என்று இங்குள்ளவர்களுக்கு விளங்காது. எங்கள் பெண்கள் தெருவில் இறங்காமல் தாய் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் போய்வருவது அதனூடாகத்தான். கறிக்கிண்ணமும் பிள்ளையும் அழுகையும் அதனூடாகத்தான் போகும். அடி விழுந்த நாட்களில் ஜெஸீமா ஓடியதும் அதனூடாகத்தான். என் கடிதம் அவளுக்கிருந்த அந்த ஒரு வழியையும் அடைத்துவிட்டது.

அதே கிழமை சான்ட்ராவின் விஷயத்திலும் ஒரு கடிதம் வந்தது, சாட்சி சொன்னவர்களுக்கும் முடிவை அறிவிப்பார்களாம். பொலிஸ்காரர் இருவரும் ஒழுங்காக விசாரிக்கவில்லை என்று கண்டிருக்கிறார்களாம். சான்ட்ரா அதற்குமுன்பே வீட்டை விட்டுப் போய்விட்டாள். எங்கே என்று யாருக்கும் தெரியாது. புருஷன் இன்னும் எதிர்க் கதவில்தான் இருக்கிறான், லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு எனக்குக் காலை வணக்கம் சொல்கிறான். இங்கும் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை. ஆனாலும் நடந்தது நடந்தது என்று ஒரு தாளில் இருக்கிறது. ஜெஸீமாவுக்கு நடந்தது எந்தத் தாளிலும் இல்லை. இருந்ததெல்லாம் என் கடிதம்தான்.

6

ஷிபானாவிடம் இரண்டாவது கடிதத்தை அடித்துத் தரச் சொன்னேன்.

“என்ன எழுதணும்?”

“நான் எழுதினது பொய்யெண்டு. குடும்பக் கோவத்துல எழுதிட்டன் எண்டு.”

“பொய் இல்லையே.”

“பொய் இல்லத்தான்.”

“அப்ப நான் அடிக்கமாட்டேன்.” எழுந்து நின்றாள். “வாப்பா, நீங்க அப்பயும் இதத்தான் செஞ்ச.”

நான் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அவள் பின்வாங்கவும் இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போது வீட்டுக்குக் கோப்போடு யார் வந்தாலும் எனக்காகக் கதைக்க அவள் வருவதில்லை.

என் கையாலேயே தமிழில் எழுதினேன். கிளாக்கர் கை, எழுத்து அழகாக விழுந்தது. மேற்படி விடயம் தொடர்பாக என்னால் அனுப்பப்பட்ட முறைப்பாடு உண்மைக்குப் புறம்பானது. எனது சகோதரி தனது கணவருடன் சந்தோஷமாக வாழ்ந்து வருகிறார். சம்பந்தப்பட்ட பொலிஸ் உத்தியோகத்தர்கள் தமது கடமையைச் செவ்வனே செய்துள்ளனர். எழுதி முடித்தபோது ஒரு எழுத்துக்கூட அடித்துத் திருத்தப்பட்டிருக்கவில்லை. பொய்யை எழுதுவது அவ்வளவு லேசாக இருந்தது.

முதல் கடிதத்துக்கு மேலதிகாரியிடமிருந்து எனக்கு ஒரு வரிகூடப் பதில் வரவில்லை. இரண்டாவதற்கு மூன்று கிழமையில் வந்துவிட்டது. உண்மையை எடுத்துரைத்தமைக்காகவும் திணைக்களத்துடன் ஒத்துழைத்தமைக்காகவும் எனக்கு நன்றி கூறி, விசாரணை திருப்திகரமாக முடிவுறுத்தப்பட்டதாக அறிவித்திருந்தார்கள்.

நேற்று ஜெஸீமாவின் கடிதமும் வந்தது. கம்பியை அவிழ்த்துவிட்டாராம். உம்மாவைப் பார்த்தாளாம், தலை சீவிவிட்டாளாம். இனி தனக்காக யாருக்கும் எழுத வேண்டாம் என்று கேட்டிருந்தாள். அடியில், மிகச் சிறிய எழுத்தில், ‘நீங்க செஞ்ச உதவிய மறக்கமாட்டேன் காக்கா’ என்று எழுதியிருந்தாள். அவள் அதை மனசாரத்தான் எழுதியிருக்கிறாள்.